மலையடிவாரத்துத் தொண்டு நிறுவனங்களின் கணக்கேடு

தொண்டு நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கொடுக்க நினைப்பவர் முதலில் கேட்பது, "நிர்வாகச் செலவு எத்தனை விழுக்காடு?" என்றுதான். பத்துக்குள் என்றால் முகம் மலர்கிறது. இருபதைத் தாண்டினால் சந்தேகம் எழுகிறது. கள்ளக்குறிச்சியில் அலுவலகம் வைத்துக்கொண்டு கல்வராயன் மலைக் கிராமங்களில் வேலை செய்யும் சிறு அமைப்புக்கு இந்தக் கேள்வி எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு அரசின் விதி ஒன்றே சாட்சி. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளில் ஐந்தாம் விதி, எவையெல்லாம் நிர்வாகச் செலவு என்று பட்டியலிடுகிறது. அலுவலக வாடகை, மின்கட்டணம், தொலைபேசி, கணக்கு எழுதும் செலவு, அறிக்கை தயாரிக்கும் செலவு இவற்றோடு வண்டி ஓட்டும் செலவும் பராமரிப்புச் செலவும் அதில் இருக்கின்றன. அமைப்பின் நோக்கத்துக்காக நேரடியாகச் செய்த செலவுக்கு அதே விதியில் விலக்கு உண்டு. மருத்துவர் சம்பளத்தையும் ஆசிரியர் சம்பளத்தையும் உதாரணமாகச் சொல்கிறது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வெள்ளிமலைக்கு ஏறி, அங்கிருந்து பிரியும் பாதைகளில் சிற்றூர்களுக்குப் போகும் ஜீப்பின் டீசல் இதில் எந்தப் பக்கம்? அது ஒவ்வோர் ஆண்டும் ஆடிட்டரின் முன்னால் போய் நிற்கும் கேள்வி. வண்டி ஏறாவிட்டால் மலையில் வேலையே இல்லை. ஏறினால் நிர்வாகச் செலவு கூடிவிட்டது என்ற பெயர் வரும்.

சிறு தொண்டு நிறுவனங்களின் நிதிநலத்தை நாம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. ஓராண்டு அறிக்கையை எடுத்து, வரவு எவ்வளவு, அதில் நிர்வாகத்துக்குப் போனது எவ்வளவு என்று பார்க்கிறோம். பெரிய நிதியுதவி ஒன்று நின்றுபோனால் அந்த அமைப்பு எத்தனை மாதம் தாங்கும், களப்பணியாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும், பாதியில் நிற்கும் வேலையை யார் முடிப்பார்கள் என்று பார்ப்பதில்லை. இதற்கெல்லாம் ஓராண்டுக் கணக்கில் விடை கிடைக்காது. பத்து, இருபது ஆண்டுகளின் ஐந்தொகைகளை வரிசையாக வைத்துப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கக் கல்வராயன் மலையைச் சுற்றிய பகுதி ஏற்ற இடம். கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் இங்கே தொண்டுப் பணம் எப்போது வந்தது, ஏன் வந்தது, ஏன் நின்றது என்பதற்குத் தெளிவான தடங்கள் இருக்கின்றன.

கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் நெருங்கி வரும் இடத்தில் இந்த மலை கிடக்கிறது. பழங்குடியினரான மலையாளி மக்கள் இங்கே பெரும்பான்மையினர். நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கையில் இருந்த மலைப்பகுதி 1976ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சமவெளியில் ஊராட்சியும் பள்ளியும் கூட்டுறவும் கால் நூற்றாண்டு ஓடிமுடித்த பிறகுதான் இங்கே அரசு என்ற ஒன்று தொடங்கியது எனலாம். அதற்குப் பிறகும் மாவட்டத் தலைநகரம் நிலையாக இருக்கவில்லை. கள்ளக்குறிச்சிப் பகுதி முதலில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காட்டில் இருந்தது. 1993ல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது. ஒரு தலைமுறைக்குள் மூன்று ஆட்சியர் அலுவலகங்கள். சிறு அமைப்புக்கு இது வெறும் முகவரி மாற்றமாக முடிவதில்லை. பழகிய அதிகாரிகள், நிலுவையில் கிடக்கும் கோப்புகள், வர வேண்டிய தவணைகள் எல்லாவற்றையும் புதிதாகத் துரத்த வேண்டும்.

அரசு தன் பங்குக்கு அமைத்தது பழங்குடியினருக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். மக்கள் லேம்ப்ஸ் என்று அழைப்பது இதைத்தான். 1970களில் பாவா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து நாடு முழுவதும் பழங்குடிப் பகுதிகளில் இவை வந்தன. கடன், வனப்பொருள் கொள்முதல், நியாயவிலைக் கடை மூன்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவருவது நோக்கம். இதுவும் இலாப நோக்கமற்ற அமைப்புதான் என்றாலும் இதன் நிதிநலம் அரசின் முடிவோடு கட்டப்பட்டது. 2006லும் 2021லும் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது விவசாயிக்கு விடுதலை உடனே கிடைத்தது. சங்கங்களுக்கு ஈட்டுத்தொகை தவணைகளாக வந்தது. இந்தக் கட்டுரையின் பொருள் அதற்கு வெளியே, தன் பெயரில் பதிவு செய்துகொண்டு பிறர் கொடுக்கும் பணத்தில் இயங்கும் சிறு அறக்கட்டளைகளும் சங்கங்களும்.

அவற்றின் கணக்கேட்டில் முதல் பெரிய திருப்பம் 1989. ஐக்கிய நாடுகளின் ஐஃபாட் என்ற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் கொடுத்த கடனோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் அந்த ஆண்டு தருமபுரியில் தொடங்கியது. சில ஆண்டுகளில் சேலத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும் விரிந்தது. கல்வராயனின் மேற்கும் தெற்கும் கிழக்கும் இப்படி ஒரே திட்டத்துக்குள் வந்துவிட்டன. 1983ல் உருவான தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் திட்டத்தை நடத்தியது. இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. ஊரூராகப் போய்ப் பெண்களைச் சேர்த்துக் குழு அமைக்கும் வேலை தொண்டு நிறுவனங்களிடம் வந்தது. நாட்டின் சுய உதவிக் குழு வரலாற்றில் இது முன்னோடி முயற்சிகளில் ஒன்று. அதன் சேமிப்பு, கடன், பெண்களின் தலைமை பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தொண்டு நிறுவனங்களின் கணக்கு என்ன ஆயிற்று என்பது பற்றி அநேகமாக எதுவும் எழுதப்படவில்லை.

அதுவரை மலையடிவாரத்து அமைப்புகளுக்குப் பெரும்பாலும் திருச்சபை வழியாகவோ ஐரோப்பிய நன்கொடையாளர் வழியாகவோதான் பணம் வரும். கொடுப்பவர் ஒருவர், பழக்கம் நீண்டகாலம், கடிதப் போக்குவரத்தே அறிக்கை. இப்போது அரசுத் திட்டம் வந்ததும் வரவு பலமடங்கு ஆனது. ஊழியர் எண்ணிக்கை கூடியது. 1997-98ல் மகளிர் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது இது இன்னும் பெருகியது. ஆனால் பணம் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். குழு ஒன்றுக்கு இவ்வளவு என்று, அமைத்தல், பயிற்சி, தரம் பார்த்தல் எனக் கட்டம் கட்டமாகத் தொகை. வேலை முடிந்த பிறகு, சரிபார்த்த பிறகு, தவணை. இடைப்பட்ட மாதங்களில் களப்பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கப் பொறுப்பாளர் எங்காவது கைமாற்று வாங்க வேண்டும். சமவெளியில் ஒரே தெருவில் மூன்று குழு அமைக்கலாம். மலையில் ஒரு குழுவுக்கு ஒரு நாள் நடை. தொகை மட்டும் இரண்டுக்கும் குழுக் கணக்கில்தான். கல்வராயனுக்கு ஏறும் அமைப்பு அடிவாரத்துச் சங்கராபுரத்திலோ சின்னசேலத்திலோ அமைத்த குழுக்களின் மிச்சத்தைக் கொண்டுதான் மலைச் செலவை ஈடுகட்ட முடியும். இந்த உள்மாற்று எந்த அறிக்கையிலும் தெரியாது. சமவெளிக் குழுக்கள் குறைந்த அன்று மலை வேலையும் நிற்கும்.

குறையத்தான் செய்தன. 2005ல் உலக வங்கிக் கடனோடு வந்த புதுவாழ்வுத் திட்டம் பணத்தை நேராகக் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் கணக்குக்கு அனுப்பியது. பிறகு தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளும், பெண்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட சமுதாய வளப் பயிற்றுநர்களும் முன்னே வந்தார்கள். குழு அமைத்துக் கொடுத்த தொண்டு நிறுவனத்துக்கு இடம் சுருங்கியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெண்கள் தங்கள் பணத்தைத் தாங்களே நிர்வகிக்க வேண்டும் என்றுதான் அந்த நிறுவனங்களும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பேசின. பேசியது நடந்தபோது அவற்றின் வருமானத்தின் பெரும்பகுதி போயிற்று. வேலை வெற்றி பெற்றதால் வரவு நிற்கும் நிலையை வணிக நிறுவனம் சந்திப்பதில்லை. தொண்டு நிறுவனம் சந்திக்கிறது. அந்த ஆண்டுகளில் கிடைத்த தொகையில் ஒரு சிறு பங்கையாவது பொதுநிதியாகச் சேர்த்துவைக்க யாரும் அனுமதித்திருந்தால், அடுத்த வேலையைத் தேடிக்கொள்ள ஓரிரு ஆண்டு அவகாசம் கிடைத்திருக்கும். குழுத்தொகையில் மிச்சம் பிடிக்க இடமே வைக்கப்படவில்லை.

நடுவில் 2004 டிசம்பர் 26 வந்தது. ஆழிப்பேரலை கடலூர்க் கடற்கரையைச் சிதைத்தது. உலகெங்கிலிருந்தும் நிவாரண நிதி குவிந்தது. பழைய தென்னார்க்காட்டின் கிழக்கு ஓரத்தில் பணம் நிறைய, மேற்கு ஓரத்து மலைக்குக் கவனம் குறைவு. உள்நாட்டு அமைப்புகளுக்குக் கடலோரத்தில் வேலை கிடைத்தது. போனவர்களைப் பழிக்க முடியாது, துயரம் அவ்வளவு பெரிது. ஆனால் அந்த மூன்று நான்கு ஆண்டு வரவைப் பார்த்து ஓர் அமைப்பு வளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுபவர் ஏமாந்துபோவார்.

இப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்தை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறதா? 1991ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹோவர்ட் டக்மேனும் சிரில் சாங்கும் ஒன்றை முன்வைத்தார்கள். நிதி அதிர்ச்சி ஒன்று வந்தவுடன் சேவையைக் குறைக்க நேரும் அமைப்பே பலவீனமானது என்று வரையறுத்தார்கள். அதை முன்கூட்டி அறிய நான்கு அடையாளங்கள்: சொந்த நிதி போதாமை, வரவு ஓரிரு மூலங்களில் குவிந்திருத்தல், ஆண்டு உபரி மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருத்தல், நிர்வாகச் செலவு மிகவும் தாழ்ந்திருத்தல். கடைசி அடையாளத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். நிர்வாகச் செலவு ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும் அமைப்புக்கு, அதிர்ச்சி வரும்போது குறைக்க அங்கே எதுவும் இல்லை. நேராகக் களப்பணியில்தான் வெட்ட வேண்டும். எனவே நாம் நேர்மையின் சான்றாகக் கொண்டாடும் குறைந்த நிர்வாகச் செலவு இவர்கள் கணக்கில் ஆபத்தின் அறிகுறி.

நான்கையும் மலையடிவாரத்து அமைப்புக்குப் பொருத்திப் பார்ப்போம். சொந்த நிதி? பெரும்பாலும் ஒரு துண்டு நிலம், ஒரு கட்டடம், பழைய வண்டி. ஐந்தொகையில் இவை சொத்தாக நிற்கும். சம்பள நாளில் இவற்றை உடைத்துக் கொடுக்க முடியாது. சொந்த நிதியில் எவ்வளவு ரொக்கமாக, நிபந்தனை இல்லாமல் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வங்கியில் பத்து லட்சம் இருந்தாலும் அது அடுத்த காலாண்டுக்கான திட்டப் பணமாக இருக்கலாம். அதைத் தொடுவது குற்றம். வரவுக் குவிதல் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரிதாக வளர்ந்த அமெரிக்க அமைப்புகள் பல ஒரே வகை வரவை நம்பியே வளர்ந்தன என்று 2007ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அது பொய்யில்லை. ஐந்து நன்கொடையாளர் என்றால் ஐந்து விதமான படிவம், ஐந்து தணிக்கை, ஐந்து முறை கள வருகை. மூன்று பேர் இருக்கும் அலுவலகம் அதிலேயே மூழ்கிவிடும். ஆனால் வளர்வது வேறு, தாக்குப்பிடிப்பது வேறு. ஒரே மூலத்தை நம்பிய சிறு அமைப்பு, அந்த மூலத்தின் கொள்கை மாறிய ஆண்டில் பூட்டிக்கொள்கிறது. புதுவாழ்வுத் திட்ட காலத்தில் நடந்தது அதுதான்.

சேமிப்பு ஏன் சேர்வதில்லை என்பதைக் கணக்கு போட்டே பார்த்துவிடலாம். கணக்குக்காக ஒரு சங்கத்தை வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 24 லட்சம் ரூபாய். அதில் 20 லட்சம் இரண்டு நிதியளிப்போர் குறிப்பிட்ட திட்டத்துக்கென்று கொடுப்பது. மீந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிச்சம் 4 லட்சம் உறுப்பினர் சந்தா, உள்ளூர் நன்கொடை, பயிற்சிக் கட்டணம், வைப்புநிதி வட்டி. ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்திருப்பது பாதுகாப்பு என்று கொண்டால் 12 லட்சம் தேவை. வருமான வரிச் சட்டம் அறநிறுவனத்தின் வரவில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிடச் சொல்கிறது. 15 விழுக்காட்டை நிபந்தனையின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சேர்க்க வேண்டுமானால் குறிப்பிட்ட நோக்கத்தைப் படிவத்தில் எழுதிக்கொடுத்து ஐந்தாண்டுக்குள் செலவழிக்க வேண்டும். 'கெட்ட காலத்துக்கு' என்பதைக் குறிப்பிட்ட நோக்கமாக எழுத முடியாது. நமது சங்கம் கட்டுப்பாடற்ற 4 லட்சத்தில் 15 விழுக்காட்டை, அதாவது 60,000 ரூபாயை, ஆண்டுதோறும் தவறாமல் ஒதுக்கினால் 12 லட்சம் சேர இருபது ஆண்டு. இருபது ஆண்டில் நிதியளிப்பவர் ஒருவராவது நின்றுபோகாமல் இருந்ததாக மேலே சொன்ன வரலாற்றில் ஒரு கட்டம்கூட இல்லை.

அதே கணக்கை வேறு விதமாகப் போடலாம். 20 லட்சம் கொடுக்கும் இருவரும் அதில் 5 விழுக்காட்டை அமைப்பின் பொதுநிதிக்கு என்று எழுதிக் கொடுத்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் கூடுதல். சேமிப்பு 1.6 லட்சமாகிறது. இருபது ஆண்டு ஏழரை ஆண்டாகச் சுருங்குகிறது. சட்டமும் இதைத் தடுக்கவில்லை. மொத்த வரவு 24 லட்சத்தில் 15 விழுக்காடு 3.6 லட்சம். தடை ஒப்பந்தப் படிவத்தில் இருக்கிறது, நிதியளிப்போரின் பழக்கத்தில் இருக்கிறது.

பொதுநிதி இல்லாத அமைப்பின் ஐந்தொகையில் வலி எங்கே தெரியும்? வரவு-செலவுக் கணக்கின் முதல் பக்கத்தில் தெரியாது. பொறுப்புகள் பக்கத்தில் 'செலுத்த வேண்டிய சம்பளம்' என்ற வரி ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறதா, 'கைமாற்று' என்ற பெயரில் பொறுப்பாளரின் சொந்தப் பணமோ அவர் நகையை அடகு வைத்துக் கொண்டுவந்த பணமோ ஏறிக்கொண்டே போகிறதா, வண்டியின் தேய்மானம் எழுதப்பட்டும் புது வண்டிக்கு ஒதுக்கீடு இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் சேர்ந்து மூன்று ஆண்டு தெரிந்தால், அறிக்கையின் அட்டைப்படம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், அந்த அமைப்பு தன் ஊழியர்களின் குடும்பச் செலவைக் கடனாக வாங்கி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கிராமங்களில் தொண்டு நிறுவனம் நடத்துபவர் பணக்காரர் என்ற பேச்சு உண்டு. சிலர் அப்படி இருக்கலாம். பலருடைய கணக்கேடு வேறு கதை சொல்லும்.

2020க்குப் பிறகு நிலைமை மேலும் இறுகியது. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20க்கு இறங்கியது. வெளிநாட்டு நிதி அனைத்தும் புது டில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்குக்கே வர வேண்டும் என்றானது. இவை இரண்டையும்விடச் சிறு அமைப்புகளைத் தாக்கியது மூன்றாவது: வெளிநாட்டு நிதி பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டுக்கு நேரடியாக விண்ணப்பம் எழுதும் ஆங்கிலமும் ஆளும் இல்லாத அமைப்புகள், சென்னையிலோ மதுரையிலோ உள்ள பெரிய நிறுவனத்தின் வழியாகத்தான் அந்தப் பணத்தைப் பெற்றுவந்தன. அந்த வாய்க்கால் அடைபட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தைச் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டுப் பணத்தைக் கண்காணிக்க அரசுக்கு உரிமை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் தவறு செய்பவரைப் பிடிக்கப் போட்ட வேலியில் முதலில் சிக்கியவர்கள், தணிக்கைக்கு ஒளிக்க எதுவுமில்லாத சிறியவர்கள்.

வருமான வரித் துறையும் 2021 ஏப்ரல் முதல் எல்லா அறநிறுவனங்களையும் 12ஏபி பிரிவில் மறுபதிவு செய்யச் சொன்னது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. நன்கொடை கொடுத்தவர் ஒவ்வொருவரின் அடையாள எண்ணோடு ஆண்டறிக்கை, இணையவழித் தாக்கல், கெடு தவறினால் தாமதக் கட்டணம். முந்தைய ஆண்டுப் பற்றாக்குறையை அடுத்த ஆண்டு வரவில் ஈடுகட்டும் வழியையும் 2021ன் நிதிச் சட்டம் அடைத்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கலாம். ஆனால் 24 கோடி செலவிடும் நிறுவனத்துக்கும் 24 லட்சம் செலவிடும் சங்கத்துக்கும் இந்த வேலைகளில் பெரும்பகுதி ஒன்றுதான். பெரியதற்கு அது தூசு; சிறியதற்கு ஒரு களப்பணியாளரின் சம்பளம். பிரிட்ஜ்ஸ்பான் அமைப்பு 2021ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் 40 தொண்டு நிறுவனங்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. திட்டத்தோடு நேரடியாக ஒட்டாத செலவு 5 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காடு வரை இருந்தது, இடைநிலை அளவு 19. ஒப்பீட்டளவில் வசதியான நிறுவனங்களின் நிலை அது. மருத்துவமனைக்கும் பயிற்சி மையத்துக்கும் மலைக் கிராமப் பணிக்கும் ஒரே உச்சவரம்பு போடுவதில் பொருளில்லை என்பதை இந்த விரிந்த இடைவெளியே காட்டுகிறது.

வெளிநாட்டுப் பணம் போனால் என்ன, கம்பெனிப் பணம் இருக்கிறதே என்பார்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் இது வரம். கள்ளக்குறிச்சியில் இருப்பவை அரிசி ஆலைகள், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள். 2 விழுக்காடு கொடுக்கக் கடமைப்பட்ட பெரிய நிறுவனம் இங்கே அரிது. முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று 2018ல் ஒன்றிய அரசு அறிவித்த பட்டியலில் தமிழகத்திலிருந்து இருப்பவை ராமநாதபுரமும் விருதுநகரும்; அங்கே கம்பெனிப் பணத்தைத் திருப்பிவிட அரசே ஊக்கம் தருகிறது. கல்வராயன் இரண்டுக்கும் வெளியே கிடக்கிறது. வந்து சேரும் கொஞ்சப் பணமும் கட்டடமாகவோ கருவியாகவோ வர விரும்புகிறது. கல்வெட்டில் பெயர் போட இடம் வேண்டும். மலைக்கு ஏறும் செவிலியரின் மூன்றாம் ஆண்டுச் சம்பளத்தில் பெயர் பொறிக்க முடியாது.

இத்தனைக்கும் நடுவில் முப்பது ஆண்டைக் கடந்து நிற்பவையும் உண்டு. கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலான பள்ளத்தாக்கில், தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் 1993ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் தொடங்கிய பழங்குடி நல முயற்சி மையம் அப்படி ஒன்று. காந்திகிராமத்தில் பணியாற்றிவிட்டு வந்த அவர்கள் ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது அங்கே ஆயிரம் குழந்தைகளுக்கு 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களைக் கொண்டே மருத்துவமனையை நடத்தினார்கள். கணக்குப் பார்வையில் இந்த முடிவு மிகப் பெரியது. நகரத்திலிருந்து வரும் ஊழியர் திட்டம் முடிந்ததும் போய்விடுவார். அடுத்த திட்டத்துக்கு மறுபடி ஆள் தேடிப் பயிற்சி கொடுக்க வேண்டும். உள்ளூர்ப் பெண் அங்கேயே இருப்பார், அவர் கற்றதும் அங்கேயே இருக்கும். எந்த ஐந்தொகையிலும் எழுதப்படாத மூலதனம் அது. நோயாளிகளிடம் குறைந்த கட்டணம், மிச்சத்துக்கு நன்கொடை என்று மருத்துவமனை நடக்கிறது. பின்னர் அதையொட்டி இயற்கை விவசாயிகள் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூவேலைக்காகப் பொற்கை கைவினைஞர் சங்கமும் உருவாயின. ஒவ்வொன்றும் தன் விற்பனையில் தன் காலில் நிற்க முயல்கிறது. ஒன்றில் அடி விழுந்தால் எல்லாம் சாயாதபடி தனித்தனி அமைப்புகள்.

இதே வழியில் இன்னும் துணிந்து போனவர்கள் நீலகிரிக் கூடலூரில் இருக்கிறார்கள். 1980களின் நடுவில் அங்கே தொடங்கிய அக்கார்ட் அமைப்பும் அதன் மருத்துவப் பிரிவான அஸ்வினியும் 1992ல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து பழங்குடிக் குடும்பங்களுக்குக் குழுக் காப்பீடு தொடங்கின. நாட்டில் மக்கள் சார்ந்த மருத்துவக் காப்பீட்டின் ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று. குடும்பங்கள் ஆண்டு தவணையாக ஒரு சிறு தொகை கட்டின; மருத்துவமனைக்குக் காப்பீட்டு வரவு கிடைத்தது. பிறகு 1990களின் இறுதியில் பழங்குடியினரின் பெயரிலேயே ஒரு தேயிலைத் தோட்டம் வாங்கப்பட்டது. தோட்ட வருமானம் தங்கள் அமைப்புகளைத் தாங்க வேண்டும் என்பது எண்ணம். நன்கொடையைச் செலவாக வாங்காமல் சொத்தாக வாங்கிய முடிவு இது. தேயிலை விலை விழுந்த ஆண்டுகளில் தோட்டம் எல்லாவற்றையும் தாங்கிவிடாது. ஆனால் சொத்து மக்களுடையது. எந்தத் திட்டத்தின் முடிவுத் தேதியும் அதன் மேல் எழுதப்படவில்லை.

இவற்றைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஏழைகளிடம் கட்டணம் வாங்கித் தன் காலில் நில் என்று எல்லா அமைப்புக்கும் போதிக்க முடியாது. மருத்துவமனைக்குக் கட்டணம் உண்டு. கொத்தடிமையை மீட்பதற்கு யார் கட்டணம் தருவார்? வன உரிமைப் பட்டாவுக்கு மனு எழுதிக் கொடுப்பதற்கும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைத் தேடிப் போவதற்கும் வாடிக்கையாளர் இல்லை. அத்தகைய வேலைகளுக்குப் பொதுப்பணம்தான் வேண்டும், அதுவும் பல ஆண்டுகளுக்கு. சிட்டிலிங்கியும் கூடலூரும் காட்டுவது, நெடுங்காலம் பொறுத்த நன்கொடையாளரும், நிபந்தனை குறைந்த பணமும், உள்ளூர் ஆட்களும் சேர்ந்தால் ஓர் அமைப்பு வேரூன்ற முடியும் என்பதை.

கல்வராயனுக்குப் பணமும் கவனமும் பெரும்பாலும் துயரத்துக்குப் பின்னால்தான் வருகின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலையை வழக்காக எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, வேலை என்று அரசைக் கேள்வி கேட்டது. நல்லது. ஆனால் அந்த மலையில் குடியிலிருந்து மீட்கும் வேலையைப் பத்தாண்டு தொடர்ந்து செய்ய ஆள் வைத்திருக்கும் உள்ளூர் அமைப்பு ஒன்று இருக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய பத்தாண்டில் யாராவது அதன் சம்பளத்தையும் டீசலையும் கணக்காளரையும் ஏற்றிருக்க வேண்டும். துயரம் நடந்த மறுமாதம் வரும் நிதி ஆறு மாத முகாம்களை நடத்தும்.

கள்ளக்குறிச்சி அரிசி ஆலை உரிமையாளரோ, சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் இம்மாவட்டத்துக்காரரோ இம்மலையில் வேலை செய்யும் ஓர் அமைப்புக்குக் கொடுக்க நினைத்தால் கடைசிப் பத்தாண்டு ஐந்தொகைகளைக் கேட்டு வாங்கட்டும். நிபந்தனையற்ற கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்குச் சமம், மிகப் பெரிய நிதியளிப்பவரின் பங்கு எவ்வளவு, சம்பள பாக்கி உண்டா என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்துப் பார்க்கட்டும். கணக்கு நேராக இருந்தால், எழுத்தில் 'மூலநிதிக்கு' என்று குறிப்பிட்டுக் கொடுக்கட்டும். அப்படிக் கொடுத்த பணத்தைப் பாதுகாப்பான முதலீட்டில் வைத்து வட்டியைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. அரசும் ஒரு படி இறங்கி வந்திருக்கிறது: ஆண்டு வருமானம் 5 கோடிக்கு உட்பட்ட அறநிறுவனங்களுக்கு 12ஏபி பதிவை 2025 ஏப்ரல் முதல் பத்தாண்டுக்கு வழங்க நிதிச் சட்டம் வழிசெய்தது. வெளிநாட்டு நிதி விதிகளிலும் அதே அளவு சிறு மாற்றம் போதும். மலைப்பகுதியில் களப்பணிக்காக ஓடும் வண்டியின் செலவைத் திட்டச் செலவு என்று ஐந்தாம் விதியில் ஒரு வரி சேர்த்தால், வெள்ளிமலைக்கு வாரம் ஒருமுறை ஏறும் ஜீப் இரண்டு முறை ஏறலாம்.